காஷுவாலிட்டி கூட்டத்துக்கு நடுவே ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

சிவப்புக்கோடு எழுதியது:

மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. ஒரு ஷிப்டில் ஹவுஸ் சர்ஜன் (படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்) நாலு பேர், பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்) இரண்டு பேர், அசிஸ்டன்ட் புரொபசர் ஒருவர். ஹவுஸ் சர்ஜன்களுக்குக் காஷுவாலிட்டி போஸ்டிங் மொத்தமே இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதுவதிலும், சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவதிலும், ஸ்ட்ரெச்சரோடு சி.டி. அறைக்குப் போவதிலுமே கரைந்துவிடுகிறது. அடுத்த வருடம் இவர்களில் பலர் ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இரவு டியூட்டி பார்ப்பார்கள். பாம்புக்கடியோ பூச்சிமருந்தோ, முதல் கை அவர்களுடையதுதான். அதை நினைத்தால் இந்த இரண்டு வாரத்தை வீணாக்க மனம் வரவில்லை.

மதியம் 2 மணிக்கு வகுப்பு என்று பலகையில் எழுதிவைத்தால் யாரும் வர முடிவதில்லை. 108 வண்டி வரிசை கட்டி நிற்கும்போது வகுப்புக்குப் போ என்று சொல்லவும் முடியாது. ஆகவே படுக்கையருகிலேயே சொல்லித்தர வேண்டும். என் சந்தேகங்கள்: ஒரு நோயாளிக்கு ஓரிரு நிமிடமே கிடைக்கும்போது என்ன செய்தால் அவர்களுக்கு ஏதாவது தங்கும்? இரண்டு வாரத்தில் கட்டாயம் கற்றுத்தர வேண்டியவை எவை? கையால் செய்யும் வேலைகளை நோயாளிக்கு ஆபத்து இல்லாமல் எப்படிப் பழக்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மஞ்சள்மண்டலம் எழுதியது:

முதல் கேள்விக்கு என் பதில்: நீங்கள் வாய் திறக்கும் முன் அவரை ஒரு முடிவு சொல்ல வையுங்கள்.

ஹவுஸ் சர்ஜன் வந்து, “சார், 55 வயசு, சுகர் பேஷண்ட், காலையிலேர்ந்து மேல்வயிறு வலி, ரெண்டு தடவை வாந்தி, பான்டப்ரசோல் போடலாமா?” என்கிறார். நமக்கு உடனே வாயில் வருவது, “இ.சி.ஜி. எடுத்தியா?” அந்த ஒரு கேள்வியிலேயே யோசிக்கும் வேலை முழுவதையும் நாம் வாங்கிக்கொண்டுவிட்டோம். அவர் எடுத்து வருவார், நாம் படிப்போம். ‘சார் கேட்பார், எடுத்து வைத்துவிடு’ என்பதைத் தாண்டி அவர் எதுவும் கற்கவில்லை.

அதற்குப் பதிலாக, “என்னன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ஐந்து வினாடி மௌனம் காஷுவாலிட்டியில் ரொம்ப நீளமாகத் தெரியும். அங்கேதான் பெரும்பாலான ஆசிரியர்கள் பொறுமை இழந்து பதிலைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். பொறுங்கள். “கேஸ்ட்ரைட்டிஸ் சார்” என்பார். “எதை வச்சுச் சொல்றீங்க? வேற என்னவா இருந்தா இன்னிக்கே உயிர் போகும்?” இரண்டாவது கேள்விக்குப் பத்தில் எட்டுப் பேர் தாங்களாகவே ‘எம்.ஐ.’ (மாரடைப்பு) என்று சொல்லிவிடுவார்கள். தெரியாமல் இல்லை, யாரும் கேட்பதில்லை.

பிறகு ஒரே ஒரு விதி: நாற்பதைக் கடந்தவருக்கு, அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு, தொப்புளுக்கு மேலே வலி என்றால் வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி., அதன் பிறகுதான் வயிற்று மருந்து. அதோடு நிறுத்துங்கள். “சுகர் இருக்குன்னு முதல் வரியிலேயே சொன்னீங்க, அது சரி. ஆனா மருந்தைக் கேட்கறதுக்கு முன்னாடி எதைத் தவிர்க்கணும்னு யோசிச்சிருக்கணும்” என்று சரியானதையும் தவறானதையும் பெயர் சொல்லிச் சுட்டுங்கள். ‘குட்’ என்று பொதுவாகச் சொன்னால் எது குட் என்று அவருக்குத் தெரியாது. மொத்தமும் ஒன்றரை நிமிடம்தான்.

இது 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் வகுத்த ‘ஒன் மினிட் பிரிசெப்டர்’ முறை. ஐந்து படி: முடிவு சொல்ல வைப்பது, காரணம் கேட்பது, ஒரு பொது விதி, சரியாகச் செய்ததைச் சொல்வது, தவறைத் திருத்துவது. நம் ஊரில் இது கெட்டுப்போகும் இடம் மூன்றாவது படி. அந்த இ.சி.ஜி.யில் இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். லீடுகளில் எஸ்.டி. ஏறியிருந்தால் (இதயத்தின் கீழ்ப்பக்க மாரடைப்பின் அடையாளம்) நமக்குக் கை துறுதுறுக்கும். வி4 எலக்ட்ரோடை வலது மார்பில் அதே இடத்துக்கு மாற்றி எடுக்க வேண்டும், வலது வென்ட்ரிக்கிள் பாதிக்கப்பட்டிருந்தால் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைத்ததும் பி.பி. சரியும், ஃப்ளூயிட் தர வேண்டும் என்று வரிசையாகக் கொட்டுவோம். அதைச் செய்யுங்கள், செய்வதை அவர் பார்க்கட்டும். பாடமாக அடுத்த எம்.ஐ. நோயாளியிடம் சொல்லுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு விதி. இரண்டு வாரத்தில் அப்படி நாற்பது விதி சேர்ந்தாலே அது பெரிய சம்பாத்தியம்.

---

கொங்குக்காற்று எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாடத்திட்டத்தைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். அவர்கள் போகப்போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் எது வந்து நிற்கும் என்று பாருங்கள். என் தேர்வு: நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, தலைக்காயம், ரத்தப்போக்கு, அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான அலர்ஜி), பாம்புக்கடி, விஷம். முதல் ஆறுக்கும் எல்லாரும் சொல்லித்தருவார்கள். கடைசி இரண்டில்தான் ஓட்டை விழுகிறது, ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆர்கனோபாஸ்பரஸ் (ஒரு வகைப் பூச்சிமருந்து) விஷத்தைப் போலக் கற்பிக்கத் தோதான கேஸ் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது நோயாளியைத் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அந்த ‘யாராவது’ ஹவுஸ் சர்ஜனாக இருக்கட்டும். கையில் ஒரு தாள்: நேரம், போட்ட அட்ரோபின் (இந்த விஷத்துக்கான முறிவு மருந்து), நாடித்துடிப்பு, பி.பி., நுரையீரல் சத்தம், அக்குள், கண்பாவை. நம்மிடம் இருப்பது 0.6 மி.கி. ஆம்பியூல். மூன்று ஆம்பியூலில் (1.8 மி.கி.) தொடங்கி, ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால் ஆறு, பிறகு பன்னிரண்டு, பிறகு இருபத்து நாலு என்று இரட்டிப்பு. இலக்கு: நுரையீரல் தெளிவு, நாடி 80-க்கு மேல், சிஸ்டாலிக் (பி.பி.யின் மேல் எண்) 80-க்கு மேல், அக்குள் உலர்வு, கண்பாவை ஊசிமுனையாக இல்லாமல் இருப்பது. இலக்கு வந்ததும் அதுவரை போட்ட மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை மணிக்கு இன்ஃப்யூஷனாக. 3, 6, 12 போட்டிருந்தால் மொத்தம் 21 ஆம்பியூல், 12.6 மி.கி. ஆகவே மணிக்கு இரண்டு முதல் நாலு ஆம்பியூல். இந்தக் கணக்கை அவரே போட்டுச் சொல்லட்டும், நீங்கள் சரிபாருங்கள்.

தவறுவது எங்கே என்றால், கண்பாவை விரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். நுரையீரல் இன்னும் நனைந்திருக்கும். அல்லது நாடி 120 என்று பயந்து அட்ரோபினே தொடங்க மாட்டார்கள். ஆக்சிஜன் குறைவாலும் நீர் வற்றியதாலும் விஷத்தின் நிகோடினிக் விளைவாலும்கூட நாடி ஏறும், அது அட்ரோபினுக்குத் தடை இல்லை. இன்னொன்று, முன்மார்பில் மட்டும் ஸ்டெத் வைப்பது. பக்கவாட்டிலும் முதுகிலும் கேட்கச் சொல்லுங்கள். வலது அடிப்பக்கம் மட்டும் கிரெப்ஸ் (நுரையீரலில் நொறுநொறுச் சத்தம்) என்றால் புரையேறியதாக இருக்கலாம், அதைத் துரத்திக்கொண்டு அட்ரோபின் ஏற்றினால் ஜுரம், பிதற்றல், குடல்சத்தம் நின்றுபோதல் என்று மறுபக்கம் போய்விடுவோம். மறுநாள் வார்டுக்குப் போய் அதே நோயாளியைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால் இன்டர்மீடியட் சிண்ட்ரோம் (விஷத்தால் பின்னர் வரும் தசைத்தளர்ச்சி) ஆரம்பம், மூச்சுத் தசைகள் அடுத்தது.

பாம்புக்கடியில் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை அவர் கையாலேயே செய்ய வையுங்கள். சுத்தமான, உலர்ந்த, கண்ணாடிச் சோதனைக்குழாயில் 2 மி.லி. ரத்தம், அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தமும் உறையாது, தேவையில்லாமல் ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) ஏறும். நடுவில் ஆட்டிப் பார்த்தாலும் சோதனை கெட்டது. முதல் முறை உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது, மறுபடி மறுபடி செய்ய வேண்டும். கட்டுவிரியன் கடியில் இந்தச் சோதனையில் ரத்தம் இயல்பாகவே உறையும். தரையில் படுத்திருந்தவர், விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்கல், கடிவாய் தெரியவில்லை என்றால் அதுதான் என்று காதில் போட்டுவையுங்கள். ஏ.எஸ்.வி. 8 முதல் 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவு (பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை என்றால் மறக்க மாட்டார்கள்). மருந்து ஏறத் தொடங்கும் முன் அட்ரினலின் சிரிஞ்சில் எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

எலி மருந்து என்று வந்தால் ‘எந்த எலி மருந்து’ என்பதுதான் பாடம். கேக் என்றால் பெரும்பாலும் ரத்தம் உறைவதைத் தடுப்பது, வைட்டமின் கே வேலை செய்யும். பேஸ்ட் என்றால் மஞ்சள் பாஸ்பரஸ், முறிவு மருந்து கிடையாது. முதல் நாள் வாந்தி, அடுத்த ஓரிரு நாள் நோயாளி நன்றாகப் பேசுவார், சாப்பிடுவார், வீட்டுக்குப் போகிறேன் என்பார். அதற்குப் பிறகு கல்லீரல் விழும். அந்த நல்ல நாளில் டிஸ்சார்ஜ் எழுதுவது மன்னிக்க முடியாத தவறு என்று அழுத்திச் சொல்லுங்கள். டப்பாவையோ டியூபையோ கொண்டுவரச் சொல்லி கூட வந்தவரை வீட்டுக்கு அனுப்புவது சிகிச்சையின் முதல் படி.

---

கிரீன்வென்ஃப்ளான் எழுதியது:

நான் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர்கள் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். முதல் நாள் முதல் அரை மணி நேரம் ஹவுஸ் சர்ஜன்களை எங்களிடம் விடுங்கள். நோயாளி கண்ணெதிரே நீலம் பாரிக்கும்போது ‘சிஸ்டர், ஆம்பு பேக் எங்க?’ என்று (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையைத்) தேடுபவரால் என்ன படித்திருந்தும் பயனில்லை.

அந்த அரை மணியில் கிராஷ் கார்ட் (அவசர மருந்து, கருவி வண்டி) தட்டு தட்டாக அவர்களே திறந்து பார்க்க வேண்டும். லாரிங்கோஸ்கோப் பிளேடை மாட்டி பல்ப் எரிகிறதா, சக்ஷன் குழாயை மடக்கிப் பிடித்தால் கேஜ் முள் ஏறுகிறதா, ஆம்பு பேகின் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, டிஃபிப்பில் பேடில்ஸ் மாட்டியிருக்கிறதா, ஜெல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கணும். வென்ஃப்ளான் (மருந்தும் ரத்தமும் ஏற்றும் ஊசிக்குழாய்) நிறங்கள்: சாம்பல் 16, பச்சை 18, பிங்க் 20, நீலம் 22 (எண் கூடக்கூடக் குழாய் மெல்லியது). ரத்தம் கொட்டுகிறவருக்கு நீலம் போட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். லைன் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவார்கள், ரத்தம் ஏற்றும்போதுதான் சிரமம் தெரியும்.

மருந்தில் இரண்டு சொல்லியே தீர வேண்டும். அட்ரினலின் ஆம்பியூல் 1 மி.லி.யில் 1 மி.கி. அனாஃபிலாக்சிஸுக்குப் பாதி ஆம்பியூல் தொடையின் வெளிப்பக்கத் தசையில். இதயம் நின்றவருக்கு ஒரு ஆம்பியூல் நரம்பில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரே ஆம்பியூல்தான். பதற்றத்தில் அலர்ஜி வந்தவருக்கு முழுசாக நரம்பில் தள்ளினால் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும். ஆகவே ‘அட்ரினலின் போடுங்க’ என்று கத்தினால் நாங்கள் போட மாட்டோம். எவ்வளவு, எந்த வழி என்று சொல்லணும், நாங்கள் திருப்பிச் சொல்வோம், ‘ஆமாம்’ என்ற பிறகுதான் போடுவோம். இன்னொன்று பொட்டாசியம் குளோரைடு. 10 மி.லி. ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலன்ட். கலக்காமல் நேரடியாக ஏற்றினால் இதயம் நிற்கும். அதனால் அதைத் தனித் தட்டில் வைத்திருக்கிறோம். ஏன் தனித் தட்டு என்று ஒருவராவது கேட்டால் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நர்ஸ் சொன்னால் காதில் வாங்கு என்பதையும் சீனியர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால்தான் அவர்கள் கேட்பார்கள்.

---

மூணாம்வருஷம் எழுதியது:

எமர்ஜென்சி மெடிசின் பி.ஜி. மஞ்சள்மண்டலம் சாரோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். அந்தக் கேள்விமுறை மஞ்சள், பச்சை மண்டலத்துக்கு (அவசரம் குறைந்த நோயாளிகளுக்கு) பொருந்தும். சிவப்பில் (உயிர் ஆபத்தில் இருப்பவர்களிடம்) பொருந்தாது. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 70-இல் இருக்கும்போது “என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டால் ஜூனியரின் மூளை உறைந்துபோகும், நோயாளிக்கும் நேரம் போகும்.

சிவப்பில் செய்யக்கூடியது இரண்டு. வண்டி வருகிறது என்று 108-இலிருந்து தகவல் வந்ததும் ஆளுக்கு ஒரு வேலை, பெயர் சொல்லிக் கொடுப்பது: நீ மானிட்டரும் பி.பி.யும், நீ பச்சை வென்ஃப்ளான் இரண்டு கையிலும், நீ நேரம் எழுது. வேலை இல்லாமல் நிற்பவர் எதையும் கற்பதில்லை, வழியில் நிற்பார். அடுத்தது, டீம் லீடர் வாய்விட்டு யோசிப்பது. “வலது பக்கம் காத்து போகல, நரம்பு புடைச்சிருக்கு, பி.பி. 70. டென்ஷன் நியூமோதொராக்ஸ், எக்ஸ்ரேக்கு நிக்கப் போறதில்ல” (நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து அழுத்துகிறது) என்று சத்தமாகச் சொன்னால் நாலு ஜூனியருக்கும் யோசனை எப்படி ஓடுகிறது என்பது கேட்கும். கூடுதல் நேரம் தேவையில்லை. முடிந்ததும், கை கழுவும் இடத்திலேயே மூன்று நிமிடம்: என்ன நடந்தது, எது நன்றாகப் போனது, அடுத்த முறை எதை மாற்றுவோம். நாளைக்குப் பேசலாம் என்றால் அந்த ஹவுஸ் சர்ஜன் நாளை வேறு ஷிப்டில் இருப்பார்.

மூன்றாவது கேள்விக்கு: கைவேலை கற்பிக்கப் பெய்டன் என்பவர் வகுத்த நாலு படி. முதலில் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவது, பிறகு படிப்படியாக விளக்கிச் செய்வது, பிறகு ஜூனியர் சொல்லச் சொல்ல நாம் செய்வது, கடைசியில் அவர் சொல்லிக்கொண்டே செய்வது. எல்லாரும் தாவிவிடும் மூன்றாவது படிதான் பாதுகாப்பு. சொல்லத் தெரியாதவர் நோயாளியைத் தொடக் கூடாது. முதல் மூன்றையும் ஷிப்ட் மாறும் நேரத்தில் பொம்மையில் பத்து நிமிடத்தில் முடிக்கலாம், நாலாவது மட்டும் நோயாளியிடம்.

இரண்டு வாரத்தில் ஒரே ஒரு கைவேலைதான் கற்றுத்தர முடியும் என்றால் இன்டுபேஷனை (மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகுவதை) விட்டுவிடுங்கள், ஆம்பு பேக் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். தனியாக இருக்கும் சுகாதார நிலையத்தில் உயிரைப் பிடித்து வைப்பது அதுதான். மாஸ்க்கை முகத்தில் அழுத்துவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும். விரல்கள் தாடை எலும்பில் இருக்கட்டும், கீழே உள்ள சதையை அழுத்தினால் நாக்கு பின்னுக்குப் போய் அடைக்கும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரு கையாலும் மாஸ்க், மற்றவர் பேக். ஆறு வினாடிக்கு ஒரு முறை, ஒரு வினாடி நேரம், மார்பு லேசாக எழும் அளவுக்கு மட்டும். பெரியவர்களுக்கான பேக் ஒன்றரை லிட்டர் கொள்ளும், மூன்றில் ஒரு பங்கு போதும். பயத்தில் நிமிடத்துக்கு முப்பது நாற்பது முறை அழுத்துவார்கள். வயிறு உப்பி வாந்தி வரும், நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி பி.பி. விழும். பக்கத்தில் நின்று ஆறு வரை எண்ணுங்கள், சரியாகிவிடும்.

கடைசியாக ஒன்று. நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னால், நர்ஸ்கள் முன்னால் ஜூனியரைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை சந்தேகத்தை மறைப்பார், ராத்திரி 3 மணிக்கு உங்களைக் கூப்பிட மாட்டார். எப்போது கூப்பிடுவது என்பதை அவர் தைரியத்துக்கு விடாமல் எண்ணாகவே ஒட்டிவையுங்கள்: சிஸ்டாலிக் 90-க்குக் கீழ், நாடி 130-க்கு மேல் அல்லது 40-க்குக் கீழ், மூச்சு 30-க்கு மேல் அல்லது 8-க்குக் கீழ், சாச்சுரேஷன் 90-க்குக் கீழ், சர்க்கரை 70-க்குக் கீழ், நினைவு முன்பைவிட மங்கினால், அல்லது காரணம் சொல்லத் தெரியாமல் மனசு உறுத்தினால். கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள்.

---

சிவப்புக்கோடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர் சொன்ன அரை மணியை அடுத்த பேட்சிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். அழைப்பு எண்களையும் அச்சடிக்கிறேன். ஒரு சந்தேகம் மிச்சம். ஏ.ஆர். எழுதுவதை அவர்களிடமிருந்து எடுக்க முடியாது, வேறு ஆள் இல்லை. அதை என்ன செய்வது?

---

மஞ்சள்மண்டலம் எழுதியது:

எடுக்க வேண்டாம் டாக்டர். ஏ.ஆர். ஒரு நல்ல பாடம், குமாஸ்தா வேலையாக நாம்தான் ஆக்கிவிட்டோம். நாளை நீதிமன்றத்தில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கப்போவதும் எழுதியவர்தான்.

ஷிப்டுக்கு ஒரே ஒரு ஏ.ஆர். எடுத்து, காயத்தோடு ஒப்பிட்டு ஹவுஸ் சர்ஜனோடு சேர்ந்து படியுங்கள். ‘தலையில் காயம்’ என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். நீளம், அகலம், ஆழம் சென்டிமீட்டரில். இடம் ஏதாவது ஓர் எலும்பு அடையாளத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர். விளிம்பு எப்படி. தலையிலும் புருவத்திலும் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால் தடியடிக் காயம்கூட வெட்டுக்காயம் போல நேராகப் பிளக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பில் நசுங்கலும் குறுக்கே இழைகளும் தெரியும். அதைப் பார்க்காமல் ‘வெட்டுக்காயம்’ என்று எழுதினால் கம்பால் அடித்தவர் மேல் அரிவாள் வழக்கு விழும். தையல் போடும் முன்பே அளக்க வேண்டும், கட்டுப் போட்ட பிறகு ஊகித்து எழுதக் கூடாது.

எப்படி நடந்தது என்பதை வந்தவர் சொன்ன வார்த்தையிலேயே, யார் சொன்னது என்பதோடு எழுத வேண்டும். அடையாள மச்சம் இரண்டு, கூட்டிவந்தவர் பெயர், பார்த்த நேரம். எக்ஸ்ரேயும் சி.டி.யும் வரும்வரை சாதாரணக் காயமா கொடுங்காயமா என்ற கருத்தை நிறுத்திவைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் கொடுங்காயத்தின் விளக்கம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய இ.பி.கோ. 320-இல் கடும் வலிக்கும் அன்றாட வேலை செய்ய முடியாமைக்கும் 20 நாள் என்றிருந்தது இப்போது 15 நாள். பழைய புத்தகத்தைப் படித்து வரும் ஹவுஸ் சர்ஜன்கள் இன்னும் 20 என்றே சொல்கிறார்கள். பி.ஜி.க்களில் சிலரும்தான். முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.